போவதும் வடக்கு, வருவதும் வடக்கு

திருத்தணி
12.10.2025

அன்புள்ள காஞ்சனாவுக்குச் சிவப்பிரகாசம் எழுதிக்கொண்டது.

இங்கே நான் நலம். வீடு நலம். கறிவேப்பிலைச் செடியைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உன் கையால் தண்ணீர் குடித்துப் பழகிய செடி அது. என்னைத் தற்காலிக ஊழியனாகத்தான் நடத்துகிறது.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். அது பேச்சா, காஞ்சனா? எனக்கு இங்கே விளக்கு வைத்தாகிவிட்டது, உனக்கு அங்கே காலை வேலையே முடியவில்லை. பின்னால் குக்கர் கத்துகிறது. மாப்பிள்ளை திலீப் ஒரு காலில் காலுறையுடன் இன்னொன்றைத் தேடுகிறார். மோகனப்ரியா குழந்தையைத் தூக்கிப் பிடித்து, தாத்தாவைப் பாரு என்கிறாள். சினேகா என் நெற்றியைப் பார்க்கிறது. போனை நான் எப்படிப் பிடித்தாலும் நெற்றிதான் தெரிகிறதாம். பிறந்து மூன்று மாதமாக அந்தக் குழந்தைக்குத் தாத்தா என்றால் ஒரு நெற்றி. இந்தச் சந்தடியில் சாப்பிட்டாச்சா என்பதற்கு மேல் ஒன்றும் கேட்க முடியாது. நாமும் கேட்டுக்கொள்ளவில்லை.

போன வாரம் நீ போனைக் குளியலறைக்குள் எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மோகனா சும்மா சும்மா அழுவுறா, அடுத்த கோடை வரைக்கும் இரும்மான்னு கேக்குறா, நீங்க வான்னா வர்றேன், இருன்னா இருக்குறேன், வர்றதுன்னா சூலம் இல்லாத நாளா பாத்து சொல்லுங்க என்றாய். நான் தண்ணீர் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று போனை வைத்துவிட்டேன். மோட்டார் ஓடவில்லை என்பது உனக்கும் கேட்டிருக்கும்.

பதில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தத் தூர விஷயத்தை ஒரு நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவன் நான். எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் தூரம் தானாக வாயில் வரும். ஆனால் பெண்டாட்டி இருக்கும் ஊர் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் முழிக்கிறேன். அதனால் சந்நிதித் தெரு ஹேமநாதனிடம் போனேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆகாய விமான டிக்கெட் என்று பலகை மாட்டியிருப்பவன். சென்னைக்கும் டொரண்டோவுக்கும் ஆகாய மார்க்கமாகப் பதின்மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர் என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னான். நேராகப் பறந்தால் பதினைந்து மணி நேரம்தானாம். ஆனால் நேராகப் பறக்க விமானம் கிடையாதாம். ஜெர்மனியில் இறங்கி மாற வேண்டும், காத்திருக்க வேண்டும். ஆக மொத்தம் ஒரு நாள் ஆகிவிடும். அரக்கோணத்தில் வண்டி மாறுவது போலத்தானே என்று கேட்டேன். ஆங், அங்க கொசு இல்ல சார், அவ்ளோதான் என்றான்.

பிறகு இன்னொன்று சொன்னான். போகும்போது ஆகிற நேரத்தைவிட வரும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் குறைகிறதாம். எனக்குத் தெரிந்த ரயில்வேயில் போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் ஒரே தண்டவாளம், ஒரே தூரம். இது என்ன அநியாயம் என்றேன். மேலே காற்று எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கமாகவே அடித்துக்கொண்டிருக்கிறது, விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது என்று விளக்கினான். ஆக, வீடு திரும்புகிறவர்கள் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்பது ஆகாயத்தின் அபிப்பிராயம். உன் முடிவை மாற்றுவதற்காக இதை எழுதவில்லை. தகவலுக்காக மட்டும்.

அடுத்தது சூலம். உன் தம்பி துளசிங்கம் அம்மையார்குப்பத்திலிருந்து இன்று காலை வந்தான். எந்தக் கிழமை எந்தத் திசையில் பயணம் ஆகாது, மீறிப் போனால் எதை வாயில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பதில் நம் குடும்பத்துக்கு அவன்தான் உயர்நீதிமன்றம். ஆனியில் நீ வெள்ளிக்கிழமை கிளம்பியபோது, மேற்கே சூலம் என்று உன் வாயில் வெல்லக்கட்டியைத் திணித்தவன் அல்லவா? கனடா மேற்கே இருப்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. காலண்டர்க்காரன் கொடுத்த வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது. எனவே அக்கா திரும்பி வருவது கிழக்கே, திங்களும் சனியும் ஆகாது, மற்ற நாளெல்லாம் பேஷ் என்று தீர்ப்பளித்தான்.

அதோடு முடிந்திருக்கும். நான் சும்மா இருக்காமல், மோகனா பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய உலக உருண்டையைப் பரணிலிருந்து இறக்கினேன். துளசிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்தான். விசைத்தறி வைத்திருப்பவன் சட்டையில் பணம் இல்லாமல் போகலாம், நூல் இல்லாமல் போகாது. ஒரு நுனியைச் சென்னையின் மேல் நான் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன். மறுநுனியை டொரண்டோவில் வைத்து அவன் விறைப்பாக இழுத்தான்.

நூல் மேற்கே போகவில்லை, காஞ்சனா. அரபு நாட்டின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே வடக்கே ஏறி, இமயமலையைத் தாண்டி, ருஷ்யாவைத் தாண்டி, பனிக்கடலில் உருண்டையின் உச்சந்தலைக்குப் பக்கமாக வளைந்து, அந்தப் பக்கம் இறங்கி உன் ஊரில் நின்றது.

துளசிங்கம் முகத்தில் ஈயாடவில்லை. இன்னா பாவா இது, வெல்லத்த குட்த்து மேக்கால அனுப்ச்சா அக்கா வடக்கால போயிகீதே என்றான். குழந்தை டாக்டர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்பே பிறந்ததற்கும், மோகனா இப்போது அழுவதற்கும் அந்த இடத்திலேயே அவனுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை வடக்கே சூலமே கிடையாதே என்று எடுத்துச் சொன்னேன். இல்லாத சூலத்துக்கு வெல்லம் துன்னா அது மட்டும் நல்லதா என்று கேட்டான். சட்டத்தில் அதற்கும் ஒரு பிரிவு இருக்கும் போலிருக்கிறது.

சரி, வருகிற வழியையாவது பார்ப்போம் என்று நூலை அந்தப் பக்கத்திலிருந்து தொடர்ந்தோம். உன் ஊரிலிருந்து கிளம்பினாலும் அது வடக்கேதான் ஏறுகிறது. போவதும் வடக்கு, வருவதும் வடக்கு. ரெண்டு பேரும் வடக்கால போனா எங்க பாவா பாத்துக்குவீங்கோ என்று துளசிங்கம் கேட்டான். பள்ளிப்பட்டு ஜோசியரிடம் மேல்முறையீடு செய்யப் போவதாகச் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தான்.

அவன் போன பிறகும் உருண்டையை நான் பரணில் ஏற்றவில்லை. நீ உன் வாசலில் நின்று வடக்கே பார்த்தால் நான் இருக்கும் பக்கம் பார்க்கிறாய் என்று அர்த்தம். நான் இங்கே நின்று வடக்கே பார்த்தால் உன் பக்கம். இத்தனை மாதம் மேற்கே பார்த்து வீணாக்கிவிட்டேன். அந்தப் பக்கம் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது.

நாள் விஷயம் பள்ளிப்பட்டுத் தீர்ப்பு வந்ததும் எழுதுகிறேன். உங்கள் நால்வரையும் தணிகை முருகன் கண் பார்க்கட்டும். ஸ்வெட்டரைப் புடவைக்கு மேல் போட்டுக்கொள். உள்ளே யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டு குளிரவில்லை என்று சொல்லாதே.

இப்படிக்கு,
சிவப்பிரகாசம்


திருத்தணி
4.11.2025

அன்புள்ள காஞ்சனாவுக்கு,

இதைக் கொண்டுவருபவர் தப்ரேஸ். பைபாஸ் மெக்கானிக் ஜலாலின் மகன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் வேலை. தங்கை பர்ஹீன் கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார். எனக்கு மிகவும் வேண்டியவர். உள்ளே அழைத்துக் காபி கொடுத்து, உன்னால் ஆன உதவியைச் செய்யவும்.

இந்த வாசகத்தை எழுதி எத்தனை காலம் ஆகிறது! நான் ஸ்டேஷனில் இருந்த நாளில் சென்னைக்கு வேலை தேடிப் போகிற பாதிப் பேர் சட்டைப் பையில் என் கடிதம் இருக்கும். பல பேரை டிக்கெட் ஜன்னலின் ஓட்டை வழியாகத்தான் எனக்குத் தெரியும். இருந்தாலும் மிகவும் வேண்டியவர் என்றே எழுதுவேன். அதற்கு நீ, ஊர்ல கீறவங்க அல்லாரும் உங்களுக்கு வேண்டியவங்க, வேண்டாதவ நான் ஒருத்திதான் என்பாய்.  உனக்கு ஒரு கடிதம் எழுத எனக்கு வாய்க்கவில்லை. நீ எங்கேயும் போனதில்லை.

என் முதல் கடிதம் கிடைத்தது என்றாய். படித்தாயா என்று கேட்டதற்கு, ஆங், படிச்சேன் என்றாய். பக்கத்தில் மாப்பிள்ளை இருந்தார் போலும்.

பள்ளிப்பட்டு ஜோசியர் மூன்று நாள் யோசித்து, கடல் தாண்டிவிட்டால் சூலம் செல்லாது என்று சொல்லிவிட்டார். துளசிங்கத்துக்குத் திருப்தியில்லை. அவர் பையன் ஆஸ்திரேலியாவில் இருப்பதால் தீர்ப்பில் சார்பு இருக்கிறது என்கிறான். இதைச் சொல்ல வந்தவன் என் கட்டிலைப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டான். இன்னா பாவா, வடக்கால தல வச்சி படுத்துகினு கீறீங்கோ, ஆயுசுக்கு ஆவுமா என்றான். ஃபேன் காற்று அந்தப் பக்கம்தான் நன்றாக வருகிறது என்று சொல்லி அனுப்பினேன். ஃபேன் அறையின் நடுவில் இருப்பதை அவன் கவனிக்கவில்லை.

இனி உனக்குச் சொல்ல வேண்டிய பதில்.

வெள்ளிக்கிழமை நாம் பேசி முடித்த பிறகு உங்கள் பக்கத்தில் போனை யாரும் அணைக்கவில்லை. சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தபடியே விட்டுவிட்டாய். என் பக்கமும் அணைக்கவில்லை. முதலில் எந்தப் பொத்தான் என்று தேடினேன். பிறகு தேடவில்லை.

நீ தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாய். மோகனா வந்தாள்.  உன் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். நீ கத்தியைத் தூரத் தள்ளிவிட்டு அவள் முதுகைத் தட்டினாய். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. ஏன் என்று நீ கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சின்ன வயதில் அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது தட்டினாயே, அதே தட்டு. சினேகா ஓர் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் குழந்தை அதுதான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஜன்னலுக்கு வெளியே மரத்தில் ஓர் இலைகூட இல்லை. அவள் மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு போனை அணைத்தேன்.

நான் பார்த்ததை அவளிடம் சொல்லாதே. தெரிந்தால் அடுத்த முறை எனக்காகச் சிரிப்பாள். நான் அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

நீங்க இருன்னா இருக்குறேன் என்றாய். இரு.

டிக்கெட்டை ஹேமநாதன் கோடைக்கு மாற்றித் தருவான். அவளை நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்லி மாப்பிள்ளையிடம் நான் தனியாகப் பேசிவிட்டேன். பிள்ளை பெற்றவர்களுக்கு இப்படி வருவது உண்டாம், மருந்தும் உண்டாம். என் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ரசம் நானே வைக்கிறேன். ஜலால் ருசி பார்த்துவிட்டு, சார், இத்த ரேடியேட்டர்ல ஊத்தலாம், துரு புடிக்காது என்று பாராட்டினார். அதன் பிறகு அவர் மனைவி குல்ஜார் பேகம் வாரத்தில் பாதி நாள் தூக்குச்சட்டி அனுப்புகிறார்கள். ஆகவே என்னைப் பற்றி நினைக்க உனக்கு விஷயமே இல்லை.

கோடை என்பது அதிக தூரம் இல்லை. பதின்மூவாயிரத்து நானூறு கிலோமீட்டரையே தாங்கிக்கொண்டவர்கள் நாம்.

அவளும் குழந்தையும் நீயும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
சிவப்பிரகாசம்


ஜெர்மனி, விமானம் மாறும் இடம்
26.11.2025

காஞ்சனா,

ஹேமநாதன் சொன்னது சரி. இங்கே கொசு இல்லை.

உட்கார நல்ல நாற்காலி போட்டிருக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு சர்தார்ஜி தலைப்பாகையைச் சுவரில் சாய்த்துத் தூங்குகிறார். அடுத்த விமானத்துக்கு நேரம் இருக்கிறது. வாயால் சொல்லப் போனால் மோட்டார் ஞாபகம் வந்துவிடும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

இந்தக் காரியத்துக்கு முழுப் பொறுப்பு ஜலால். மகனை விமானம் ஏற்றி அனுப்பி ஒரு வாரம் கழித்து என்னைப் பார்த்தவர், இன்னா சார், என் பையன் கைல லெட்டர் குட்த்து அனுப்பினீங்கோ, லெட்டர் போன சீட்டுக்குப் பக்கத்து சீட்டு காலியாத்தான் இருந்திச்சாம் என்றார். உன்னோடு சேர்த்து எனக்கும் மோகனா விசா வாங்கி வைத்ததும், கரண்ட் பில் கட்ட ஆள் வேண்டும் என்று நான் தங்கிவிட்டதும் அவருக்குத் தெரியும். கரண்ட் பில்லு போன்லயே கட்லாம் சார், பொண்டாட்டி மொகத்தத்தான் போன்ல பாக்க முடியாது என்றார்.

நான் சூலத்தைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். விமானம் எல்லாத் திசையிலும் திரும்புகிறது, எந்தக் கிழமைக்கு எதைச் சாப்பிடுவது என்று கேட்டேன். அவர் மக்கா போய் வந்தபோது விமானத்துக்குள் ஒரு திரையில் அம்புக்குறி காட்டினார்களாம், தொழுகைக்குக் கஅபா எந்தப் பக்கம் என்று. விமானம் எப்படித் திரும்பினாலும் அம்பு மட்டும் மறுபடி மறுபடி அந்தப் பக்கமே திரும்புமாம். எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. நம் கட்டிலும் ஒரு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

உன் டிக்கெட்டைக் கோடைக்கு மாற்றுவதற்காக ஹேமநாதன் கடைக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தபின் ஒரு டிக்கெட்டோடு எழுந்திருப்பது மரியாதையாக இல்லை. உன் பக்கத்து சீட்டையும் எனக்குப் போடச் சொன்னேன். வருவதற்கு டிக்கெட் போட்டால் போவதற்கும் போட வேண்டும் சார் என்றான். ரயில்வேயிலும் அதுதான் விதி.

புதன்கிழமை விமானம், வடக்கே சூலம். துளசிங்கம் இம்முறை ஏமாறத் தயாராக இல்லை. பிளேன் எந்தப் பக்கம் திரும்புனாலும் நம்மகிட்ட சரக்கு கீது பாவா என்று நான்கு திசைக்கும் சேர்த்துக் கொண்டுவந்தான். மேற்குக்கு வெல்லம், கிழக்குக்குத் தயிர், வடக்குக்குப் பால், தெற்குக்கு எண்ணெய். மூன்று உள்ளே போயின, எண்ணெய் தலைக்கு. அபிஷேகம் முடிந்த உற்சவர் போலக் காரில் ஏறினேன். எனக்கு அக்காவும் நீங்களும் தவிர யார் பாவா என்று சொல்லிவிட்டுக் காரைச் சுற்றி வந்து கதவைச் சாத்தினான். அரக்கோணம் தாண்டும் வரை வயிறு எந்தத் திசைக்கும் சம்மதிக்கவில்லை.

கறிவேப்பிலைச் செடி குல்ஜார் பேகத்திடம் இருக்கிறது. போன அன்றே துளிர்விட்டதாம். என்மேல் அதற்கு இருந்த அபிப்பிராயம் அப்படி.

விமானம் ஏறும்போது பயந்தேனா என்று கேட்பாய். கிளம்பும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது முன்னால் திரையில் உலகம் வந்திருந்தது. துளசிங்கத்தின் நூல் போன வழியில் நாங்கள் போகவில்லை. சண்டை நடக்கிற நாடுகளின் வானத்தை விலக்கிக்கொண்டு வளைந்து வளைந்து போனோம். நேர்வழி கண்ணெதிரே இருக்கும்போது சுற்றிப் போவதில் குடும்பஸ்தனுக்கும் விமானத்துக்கும் வித்தியாசம் இல்லை. இன்று புதன்கிழமை கிளம்பினேன், உன்னிடம் வந்து சேரும்போதும் புதன்கிழமையாகவே இருக்குமாம். நீ இல்லாமல் எத்தனையோ புதன்கிழமை போய்விட்டது, இது ஒன்றையாவது நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளைக்கு மட்டும் நான் வருவது தெரியும். ரகசியத்தைக் காப்பாற்றுகிறார். ஒரு வாரமாகப் போனில் என் முகத்தைக் கண்டதும் காலுறை தேடப் போய்விடுகிறாரே, கவனித்தாயா? மோகனாவிடம் நான் எதுவும் கேட்கப் போவதில்லை. பீன்ஸ் நறுக்குகிறேன். நீ தட்டிக் கை வலித்தால் சொல், எனக்கும் தட்டத் தெரியும். சினேகாவுக்கு நெற்றியை வைத்து அடையாளம் தெரியும் என்று நினைக்கிறேன். கோடையில் சேர்ந்தே திரும்புவோம். அப்போது காற்று நம் பக்கம்.

விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். சர்தார்ஜியை எழுப்ப வேண்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. நீ கதவைத் திறந்ததும் கையில் கொடுப்பேன். வாசலிலேயே நிற்கவைத்துப் படித்தாலும் சரி, கடைசி வரிகளை மட்டும் முதலில் படித்துவிடு.

இதைக் கொண்டுவருபவர் சிவப்பிரகாசம். ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். தலையில் எண்ணெய் வாசனை வரும், அதற்குக் காரணம் உன் தம்பி. அவருக்குக் குளிர் ஆகாது, தனியாக இருக்கத் தெரியாது. தெரியும் என்று சொன்னால் நம்ப வேண்டாம். உள்ளே அழைத்துக் காபி கொடுத்து, உன்னால் ஆன உதவியைச் செய்யவும். ஊரில் எல்லாரையும் எனக்கு வேண்டியவர் என்று எழுதிக் கொடுத்தவன், இவரை அப்படி எழுத முடியவில்லை. உனக்கு வேண்டியவர் என்று நம்பி அனுப்பியிருக்கிறேன்.

சிவப்பிரகாசம்